பின்பக்கம் பச்சை ஆயில் சொட்டினால் உடனே சிலிண்டரைக் கழற்றாதீர்கள்

சிட்ரோயன் நிறுவனம் 1954-லேயே டிராக்‌ஷன் அவான் காரின் பின்பக்கத்துக்கு மட்டும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் வைத்துப் பார்த்தது. அடுத்த வருடம் வந்த டிஎஸ் காரில் நான்கு சக்கரத்துக்கும் அதே ஏற்பாடு. இங்கே 1982-இல் வந்த பிஎக்ஸ் காரை எடுத்துக்கொள்கிறேன். அதில் வழக்கமான ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒரு சிலிண்டர், அதன் தலையில் நைட்ரஜன் அடைத்த உருண்டை, இடையில் எல்எச்எம் என்ற பச்சை ஆயில்.

ராத்திரி நிறுத்திய கார் காலையில் தரையோடு படுத்திருந்தால் பலரும் லீக் என்று பதறுகிறார்கள். பிஎக்ஸ் படுக்கத்தான் செய்யும். வால்வு இடைவெளிகள் வழியாக ஆயில் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடுகிறது. ஸ்டார்ட் செய்தால் மாடு எழுவது மாதிரி பின்பக்கத்தை முதலில் தூக்கிக்கொண்டு எழும். அதே காரணத்தால், படுத்திருக்கும்போது டேங்கைப் பார்த்து அளவு சொல்லக் கூடாது. நிரம்பி வழிகிற மாதிரிதான் தெரியும். இன்ஜின் ஓட, காரின் உயரத்தை மாற்றும் லீவரை உச்சத்தில் வைத்துப் பாருங்கள். சவாரி கட்டையாக இருப்பதும் லீக் அல்ல, உருண்டையில் நைட்ரஜன் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, நிஜமாகவே சொட்டுகிறது. பணம் வீணாவது இங்கேதான். பின் சிலிண்டரில் பிஸ்டனைத் தாண்டி கொஞ்சம் ஆயில் கசிவது இயல்பு. அதை ஒரு ரப்பர் உறை பிடித்து, மெல்லிய ரப்பர் குழாய் வழியாக டேங்குக்கு அனுப்புகிறது. அந்தக் குழாயில் பிரஷர் இல்லை. வருடக்கணக்கில் ரப்பர் விறைத்து வெடித்தால், சிலிண்டரே ஒழுகுவது போல அதே இடத்தில் ஈரம் தெரியும். சில்லறைக் காசு குழாய்க்குப் போய் சிலிண்டரையே மாற்றுவார்கள். நன்றாகத் துடைத்துவிட்டு அடியில் அட்டை விரியுங்கள். நிதானமாகச் சொட்டினால் முதலில் அந்த ரப்பரைச் சந்தேகப்படுங்கள். பின்பக்கம் எழவே மறுத்து ஆயில் பீய்ச்சினால் அது பிரஷர் பைப். ஈரம் ஆரம்பிக்கும் மிக உயரமான இடத்தைத் தேடுங்கள். ஓடும்போது அடிக்கும் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சில விநாடிக்கு ஒரு தரம் 'டிக்' என்றால் பின்பக்கத்தில்தான் ஓட்டை என்று முடிவு கட்ட வேண்டாம். முன்னால் இருக்கும், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டர் உருண்டை செத்தாலும் அதே சத்தம்தான்.

துருப்பிடித்த ஸ்டீல் பைப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. மிச்சமிருந்த தகடும் போய்விடும். விரலால் தடவி ஓட்டை தேடுவது அதைவிட மோசம். 170 பார் வரை போகும் அழுத்தத்தில் ஊசித்துளையும் தோலுக்குள் ஆயிலை ஏற்றிவிடும். வலி இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. அப்புறம், ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் நுழையவே நுழையாதீர்கள். பிரஷர் போனால் கார் உங்கள் மேல் இறங்கும்.

டேங்க் குறைந்தது என்று பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் எல்லாம் ஊறிப் போகும். எல்எச்எம் மினரல் ஆயில், வேறு எதுவும் வேண்டாம். சிட்ரோயன் சி5 காரின் ஆரஞ்சு நிற எல்டிஎஸ் ஆயிலும் இதற்கு ஆகாது.

பிஎக்ஸின் பின் பிரேக்குக்குப் பிரஷர் வருவது பின் சஸ்பென்ஷனிலிருந்துதான். பின்னால் பாரம் ஏறினால் பிரேக்கும் அதற்கேற்ப இறுக வேண்டும் என்று செய்த ஏற்பாடு. அதனால் பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பரையும் ஒரு பார்வை பாருங்கள். லீக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.