தோப்பில் பிள்ளைகளுக்கு முடிச்சும் கயிற்றுக் கட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கத்தில் பிள்ளைகளுக்கு முடிச்சுப் பழக்க மரத்துக்குப் பஞ்சமில்லை. பழக்கும் விதத்தில்தான் கோளாறு. ஒரே காலையில் ரீஃப், பௌலைன், கிளவ் ஹிட்ச் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பெயர்கள் மனப்பாடமாகிவிடும். மத்தியானம் தார்ப்பாயைக் கட்டச் சொன்னால் பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முதலில் வேலையைக் கொடுங்கள். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை வேண்டும், இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு இழுக்க வேண்டும். மரத்தைச் சுற்றி இரண்டு சுற்று, அப்புறம் இரண்டு அரை முடிச்சு. முதல் நாளுக்கு அதுவே போதும்.

எதிரே நின்று செய்து காட்டாதீர்கள். உங்கள் வலது அவர்களுக்கு இடதாகத் தெரியும். பக்கத்தில் உட்காருங்கள். இடதுகைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு மட்டும் எதிரே உட்காரலாம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே செய்துவிடும்.

வீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் கயிறு வழுக்கும், முடிச்சு நிற்காது. தேங்காய் நார்க் கயிறு நன்றாகப் பிடிக்கும், ஆனால் பிஞ்சுக் கையை உரசிவிடும். பழகுவதற்கு எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் பருத்திக் கயிறு நல்லது. ஆனால் ஒன்று, ஜூன், ஜூலை சாரலில் அது நனைந்தால் முடிச்சு இறுகிவிடும். அதனால் கட்டுவதோடு அவிழ்ப்பதையும் சேர்த்தே பழக்குங்கள். இறுகியதும் கத்தியை எடுக்கும் பெரியவரைப் பார்த்தால் பிள்ளையும் அதையே செய்யும்.

எனக்கு மிகவும் கவலை தருவது ரீஃப் முடிச்சுதான். வலதை இடதின் மேல் போட்டு, அடுத்து இடதை வலதின் மேல் போட்டால் அது ரீஃப். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் நழுவும் முடிச்சு. சரியாகவே போட்டாலும் அது பொட்டலத்துக்கும் கட்டுத்துணிக்கும் உரியது. ஆள் எடை தாங்கும் இரண்டு கயிறுகளை இணைக்க அதை நம்பவே கூடாது. ஒரு முனையை இழுத்தாலே அது புரண்டு அவிழ்ந்துவிடும்.

கம்புகளைக் குறுக்காகக் கட்டும்போது மேலும் மேலும் சுற்றிக்கொண்டே போவார்கள், கட்டு ஆடிக்கொண்டே இருக்கும். கம்பைச் சுற்றிப் போடும் கிளவ் ஹிட்ச் முடிச்சில் தொடங்கி மூன்று சுற்று. பிறகு இரண்டு கம்புக்கும் நடுவே கயிற்றை விட்டு இரண்டு சுற்று இறுக்குங்கள். பிடிப்பைத் தருவது அந்த நடுச்சுற்றுதான். பிள்ளை கட்டியது தொய்ந்திருந்தால் பிள்ளை பார்க்காதபோது நீங்கள் இறுக்கிவிடாதீர்கள். கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், தானே கண்டுபிடித்துவிடும்.

மரத்தைப் பார்க்காமல் கட்டுவதும் தவறுதான். முருங்கை, இலவம், ரப்பர் கிளைகள் சட்டென முறியும். ரப்பர் மரப்பட்டை ஒருவருடைய பிழைப்பு, அதைக் கயிறு தேய்க்கக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகவோ மூங்கில் வெட்டவோ வேண்டாம். சொந்தத் தோப்போ, தெரிந்தவர் தோப்போ போதும்.

கயிற்றுப் பாலம் பிள்ளையின் முழங்கால் உயரத்தைத் தாண்ட வேண்டியதில்லை. முதலில் ஒரு பெரியவர் அதில் ஏறிப் பார்க்கட்டும். கழுத்திலோ இடுப்பிலோ கயிறு சுற்றும் விளையாட்டுக்கு இடமே கொடுக்காதீர்கள். கிளம்பும் முன் எல்லாக் கயிற்றையும் அவிழ்த்து எண்ணி எடுத்துவிடுங்கள். விட்டுவந்த கயிற்றில் மேய வரும் கன்றுக்குட்டி மாட்டும். துணையில்லாமல் விளையாட வரும் குழந்தையும் மாட்டும்.