வெடித்த மக்கும் மேசை விசிறியும்

வீட்டின் பின்னறையில் அமர்ந்து தஞ்சாவூர் ஓவியம் வரையும் எனக்கு, ஒரு கிருஷ்ணர் படத்தின் மக்கு வேலை ஐந்து நாட்களைத் தின்றுவிட்டது. சுண்ணப்பொடியையும் பிசினையும் குழைத்த பசைதான் மக்கு; அதைக்கொண்டு மண்டபத் தூண்களை மேடாக எழுப்பிய மறுநாள் காலையில், ஆங்காங்கே மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. தங்கத் தாளை ஒட்டினால் மறைந்துவிடும் என்று நினைத்தேன். அவ்வளவு மெல்லிய தாளோ ஒவ்வொரு கோட்டையும் அப்படியே எடுத்துக்காட்டியது. பிசினைக் கூட்டினேன், வெடிப்பு இன்னும் அகலமாயிற்று. குறைத்தேன், விரல் பட்டாலே மக்கு பொடியாக உதிர்ந்தது. புதுச் சுண்ணப்பொடி வாங்கிச் சலித்ததும் வீண்தான்.

நான்காம் முறை சுரண்டும்போதுதான், வெடிப்பெல்லாம் இடப்பக்கத் தூணிலேயே இருப்பதையும் வலப்பக்கத் தூண் பழுதின்றி நிற்பதையும் கவனித்தேன். இடப்பக்கத்தில் மேசை விசிறி இருந்தது. மேல்பரப்பு காற்றில் சட்டென்று உலர்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே நின்றிருக்கிறது. விசிறியை அணைத்து, பலகையைப் படுக்கவைத்து, ஒரே பூச்சாக ஏற்றிய மக்கை மூன்று மெல்லிய பூச்சுகளாகப் பிரித்து, ஒன்று நிழலில் நன்கு காய்ந்த பிறகே அடுத்ததைப் பூசினேன். வெடிப்பு வரவில்லை. நேற்று தங்கத் தாளும் ஒட்டியாயிற்று. போன மூச்சு திரும்பி வந்தது. விசிறியில்லாத அறையில் வியர்வைதான் கொஞ்சம் அதிகம்.