ஜங்ஷன் வைஃபை, லாட்ஜ் வைஃபை: லேப்டாப்பை இணைக்கும் முன்

நெல்லை எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்கும்போது லேப்டாப்பைத் திறந்து, கண்ணில் பட்ட வைஃபையில் இணைத்துவிடாதீர்கள். வைஃபைக்கு யாரும் எந்தப் பெயரும் வைக்கலாம். ரயில் நிலைய வைஃபையின் பெயரையே ஒருவர் தன் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்துவிட்டால், லேப்டாப்புக்கு வித்தியாசம் தெரியாது. ரயில் நிலையங்களில் கிடைக்கும் ரயில்வயர் வைஃபையில் நாளுக்கு முதல் 30 நிமிடம் இலவசம். அதற்கு மொபைல் எண்ணும் ஓடிபியும் போதும். அந்த அரைமணி நேரத்துக்கே ஜிமெயில் பாஸ்வேர்டோ கார்டு எண்ணோ கேட்டால், அந்த நொடியே துண்டியுங்கள்.

குற்றாலத்தில் சீசன் நேரத்து லாட்ஜ்களில் சிக்கல் வேறு மாதிரி. ரிசப்ஷனில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட் தருவார்கள். எல்லா அறைக்கும் ஒரே சாவி கொடுத்த மாதிரிதான் அது. பக்கத்து அறைக்காரரும் அதே நெட்வொர்க்கில் இருப்பதால், நீங்கள் ஷேர் செய்து வைத்த ஃபோல்டர் அவர் திரையிலும் தெரியலாம்.

இதை அடைக்க இரண்டு நிமிடம் போதும். விண்டோஸ் 11-இல் விண்டோஸ் கீயையும் 'ஐ'யையும் சேர்த்து அழுத்தி, 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'வைஃபை', இணைந்திருக்கும் வைஃபையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' என்று போய் 'பப்ளிக் நெட்வொர்க்' தேர்ந்தெடுங்கள். பிறகு 'அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸ்', அதற்குள் 'அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸ்'. அங்கே பப்ளிக் பகுதியில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் கணினிக்குக் கணினி தாவியது, விண்டோஸின் ஃபைல் ஷேரிங்கில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். ஆகவே நிலுவை அப்டேட்டுகளை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிரவுசரில் 'யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்' என்று வந்தால் 'அட்வான்ஸ்ட்' அழுத்தி உள்ளே போகவே கூடாது. வைஃபை லாகின் முடியாவிட்டாலும், லேப்டாப்பில் தேதி தவறாக இருந்தாலும் இது வரும். இரண்டையும் சரிபார்த்த பிறகும் நீடித்தால், நடுவில் யாரோ புகுந்திருக்கலாம். பூட்டுச் சின்னத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். தகவல் மறைகுறியாக்கத்தோடு, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி, போகிறது என்றுதான் அது சொல்கிறது. போலித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும். கூகுள் குரோம் 2023-இல் அதை எடுத்துவிட்டதற்கு இந்தக் குழப்பமே காரணம்.

பேங்க் வேலை என்றால் சொந்த போனின் ஹாட்ஸ்பாட்டே நல்லது. ஆகும் டேட்டாவும் கொஞ்சம்தான். உங்கள் இணையப் போக்குவரத்தைத் தன் சர்வர் வழியாக அனுப்பும் ஆப்தான் விபிஎன். முன்பின் தெரியாத இலவச விபிஎன் எங்கள் பார்வையில் வேண்டவே வேண்டாம். லாட்ஜ்காரர் பார்க்கக்கூடியதை அந்த விபிஎன்காரர் பார்ப்பார், அவ்வளவுதான்.

அறையைக் காலி செய்யும்போது வைஃபை செட்டிங்ஸில் 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' போய் அந்த வைஃபைக்கு 'ஃபர்கெட்' கொடுங்கள். இல்லாவிட்டால் அதே பெயரும் பாஸ்வேர்டும் வைத்த போலியில் லேப்டாப் தானாகவே இணைந்துவிடும்.

பணம் போய்விட்டால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், பிறகு பேங்குக்கு. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.