பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்ததா? அடுத்த இரண்டு வாரம் வீட்டில் செய்ய வேண்டியவை

பெண் பூனைக்குச் செய்யும் கருத்தடை ஆபரேஷனில் வயிற்றைத் திறந்து சூலகங்களை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்தே எடுப்பார்கள். வெளியே தெரிகிற தையல் சில சென்டிமீட்டர்தான் இருக்கும். அதற்கு அடியில் வயிற்றுத் தசையைச் சேர்த்துப் போட்ட இன்னொரு தையல் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாததால் "சின்னக் காயம்தானே" என்று தோன்றிவிடுகிறது.

முதல்முறையாகப் பூனையை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் பயப்படுவது முதல் ராத்திரியை நினைத்துத்தான். என்னைக் கேட்டால் அது சுலபமான பகுதி. பூனை பாதி மயக்கத்தில் கிடக்கும், நாம் பக்கத்தில் இருந்தால் போதும். கஷ்டம் மூன்றாம் நாள் தொடங்குகிறது. பூனை தேறிவிட்டது போல ஓடும், குதிக்கும், கதவைச் சுரண்டும். உள்ளே தையல் மட்டும் இன்னும் கூடியிருக்காது. தசையும் தோலும் ஓரளவு பிடித்துக்கொள்ள 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை பூனையை அதனிடமிருந்தே காப்பாற்றுவதுதான் நம் வேலை.

1. பூனை வருவதற்கு முன்பே அறையைத் தயார் செய்யுங்கள்

ஆபரேஷனுக்கு முந்தைய நாளே இதை முடித்துவிடுங்கள். வீட்டில் இருப்பதிலேயே சின்ன அறை போதும். பீரோ, ஃப்ரிட்ஜ், உயரமான அலமாரி, பரண் இவற்றில் எதுவும் பூனைக்கு எட்டக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தால்கூட அதிலிருந்து ஜன்னல் திட்டுக்கும், அங்கிருந்து பரணுக்கும் வழி கண்டுபிடித்துவிடும். அப்படி ஓர் அறை இல்லாதவர்கள் பெரிய நாய்க்கூண்டு ஒன்றை இரவல் வாங்கி, உள்ளே படுக்கையும் மணல் தட்டும் வைக்கலாம்.

தரையைத் துடைக்கும்போது பினாயில் வேண்டாம். டெட்டாலும் வேண்டாம். இவற்றில் உள்ள ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக வெளியேற்ற முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே உள்ளே போய்விடும். கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடைத்தால் போதும்.

மணல் தட்டில் ஆற்று மணலோ, கட்டியாகும் கடை மணலோ போட்டுப் பழக்கியிருப்பீர்கள். அதைச் சில நாளைக்கு நிறுத்திவிட்டு, நாளிதழைக் கிழித்துப் போடுங்கள். மணல் துகள் ஈரக் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏறி இறங்கச் சிரமப்படாதபடி தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். சில பூனைகள் பேப்பரைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விடும். அப்படியானால் பழைய மணலை ஒரு பிடி மேலே தூவுங்கள், வாசனை பிடித்து வந்துவிடும்.

2. கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சரி, தெருமுனை கிளினிக்கானாலும் சரி, கூட்டத்தில் டாக்டர் அவசரமாகச் சொல்லி முடித்துவிடுவார். நீங்களாகவே கேளுங்கள். வெளித்தையல் பிரிக்க வேண்டியதா, தானாகக் கரைவதா? வலி மருந்து ஊசி எப்போது போட்டார்கள், அடுத்த வேளை எப்போது? காயம் அடிவயிற்றின் நடுவிலா, பக்கவாட்டிலா? நம்மூரில் இரண்டு விதமாகவும் செய்கிறார்கள், ரோமம் மழித்த இடத்தைப் பார்த்தாலே தெரியும். ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலைப் போனில் எழுதி வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

3. முதல் ராத்திரி

கூடையையோ கேரியரையோ தரையில் வைத்துக் கதவைத் திறந்துவிடுங்கள். தூக்கி வெளியே எடுக்க வேண்டாம், தானாக வரட்டும். தள்ளாடும், தலை ஆடும், கண்மணி விரிந்து கறுப்பாகத் தெரியும். கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு சவ்வு பாதிக் கண்ணை மூடியிருக்கலாம். எல்லாம் மயக்க மருந்தின் விளைவுதான். கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுத்திருந்தால் இந்தத் தடுமாற்றம் மறுநாள் வரைகூட நீளும். பிரமை பிடித்தது போலச் சிலது சீறும், நம்மையே தெரியாதது போலப் பார்க்கும். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். விளக்கை மங்கலாக்கிவிட்டு, டிவியை அணைத்துவிட்டு, பிள்ளைகளை அந்த அறைக்கு வெளியே வைத்தால் போதும்.

மயக்கத்தில் இருக்கும் பூனையால் தன் உடல் சூட்டைச் சரியாகக் காத்துக்கொள்ள முடியாது. எனவே மே மாத வெயிலாக இருந்தாலும் ஏசியைக் குளிரக் குளிர வைக்காதீர்கள். மின்விசிறிக் காற்று நேராக அதன் மேல் படவும் வேண்டாம். மழைக்காலமானால் ஒரு பாட்டிலில் வெந்நீர் பிடித்து, துண்டில் நன்றாகச் சுற்றி, படுக்கையின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகம் என்று தோன்றினால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும்.

படுக்கை தரையிலேயே இருக்கட்டும். "பாவம், என்னோடு படுக்கட்டும்" என்று கட்டிலில் போட்டுக்கொள்ளாதீர்கள். தள்ளாடுகிற பூனை நடுராத்திரியில் கட்டிலிலிருந்து விழும்.

4. சாப்பாடு

முழுதாக விழித்து, தலையை நிமிர்த்தி, தானாக நடக்க ஆரம்பித்த பிறகுதான் சாப்பாடு. முதலில் கொஞ்சம் தண்ணீர். அது வாந்தியாகாமல் நின்றால், வழக்கமாகச் சாப்பிடுவதில் கால் பங்கு கொடுங்கள். அரை மயக்கத்தில் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

என்ன கொடுப்பது? தினமும் சாப்பிடுவதையே கொடுக்கலாம். ஆபரேஷன் நாளன்று புதுசாக எதையும் ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது. மறுக்கிற பூனைக்கு, உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழிக்கறியை எலும்பில்லாமல் பிய்த்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். பூனை வாசனையை வைத்துத்தான் சாப்பிடும். ஆறிப்போனதை முகர்ந்துவிட்டுப் போகும் பூனை, லேசாகச் சூடு செய்து கொடுத்தால் சாப்பிடும். வேகவைத்த மத்தி மீன் கொஞ்சம் பிசைந்து வைத்தால் மறுக்கிற பூனையை நான் இன்னும் பார்க்கவில்லை. நம் குழம்பிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தெம்பு வரட்டும் என்று பால் ஊற்றுவதும் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் தரும்.

24 மணி நேரம் கழித்தும் ஒன்றும் சாப்பிடவில்லையென்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் தாங்கும். பூனை, அதிலும் குண்டுப் பூனை, தொடர்ந்து சில நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து பெரிய நோயாகிவிடும்.

மலம் கழிக்க இரண்டு நாள்கூட ஆகலாம், ஆபரேஷனுக்கு முன் பட்டினி போட்டதால் வயிறு காலியாக இருக்கும். சிறுநீர் அப்படியில்லை. ஒரு நாளுக்குள் போயிருக்க வேண்டும்.

5. நக்க விடக் கூடாது

பூனை நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன. ரோமத்தைச் சீவ அருமையான சாதனம் அது. தையலில் பட்டால் நூல் நூலாகப் பிரித்தெடுத்துவிடும். "நக்கினால் காயம் ஆறும்" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னால் தலையாட்டிவிட்டு, கழுத்தைச் சுற்றி மாட்டும் கூம்பு வடிவக் காலரை மாட்டுங்கள்.

காலரின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும். கழுத்துக்கும் காலருக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு போதும். மாட்டியவுடன் பூனை பின்னோக்கியே நடக்கும், சுவரில் மோதும், செத்தது போலப் படுத்துக்கொள்ளும். பார்க்கப் பாவமாக இருக்கும். கழற்றாதீர்கள், ஒரு நாளில் பழகிவிடும். சாப்பாட்டைக் குழிந்த கிண்ணத்தில் வைத்தால் காலர் இடிக்கும். சின்னத் தட்டில் போட்டு, ஒரு டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். அப்படியும் சாப்பிடவில்லையென்றால் சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் கழற்றிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து உடனே மாட்டிவிடுங்கள்.

காலரை எப்படியாவது கழற்றிவிடும் பூனைகள் உண்டு. அவற்றுக்குத் துணிச் சட்டைதான் வழி. கடையில் விற்கிறது, வீட்டிலும் செய்யலாம். பழைய லெக்கிங்ஸின் கால் பகுதியையோ முழுக்கை டி-ஷர்ட்டின் கையையோ பூனையின் கழுத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை வருமாறு வெட்டி, நான்கு கால்களுக்கும் ஓட்டை போடுங்கள். இறுக்கிப் பிடிக்கக் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. இரண்டு மூன்று செய்து வைத்துக்கொண்டால் நனைந்ததும் மாற்றலாம். ஈரத் துணி காயத்தின் மேல் கிடந்தால், துணி போடாமல் விட்டதைவிட மோசம்.

6. மருந்து: கொடுப்பதும், கொடுக்கவே கூடாததும்

முதலில் கூடாதது. பாராசிட்டமால். குரோசின், டோலோ என்று எந்தப் பெயரில் வந்தாலும் அதுதான். குழந்தைகளுக்குக் கொடுக்கும் சிரப்பும் அதேதான். மனிதரின் கல்லீரல் அதை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். வலியில் முனகுகிறதே என்ற இரக்கத்தில் இதைக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் கொடுமை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று நாம் சாப்பிடும் மற்ற வலி மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் இதே தடை.

பூனைக்கென்று டாக்டர் எழுதித் தரும் வலி மருந்து பெரும்பாலும் மெலாக்ஸிகமாக இருக்கும். அதன் அளவு துளிக் கணக்கு. எழுதியதைவிட ஒரு வேளைகூட அதிகம் வேண்டாம், சாப்பிடாத பூனைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம், சிறுநீரகத்தைப் பாதிக்கும். மாத்திரை எதுவானாலும், அது போன பின்னால் ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். குறிப்பாக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கிவிடும். சிரிஞ்சை வாயின் ஓரத்தில், கன்னப் பக்கம் வைத்து மெதுவாக அழுத்துங்கள். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும்.

காயத்தின் மேல் மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். நன்றாக மூடிய, சுத்தமான, உலர்ந்த தையலுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே பூச வேண்டியதில்லை. மாட்டுக்கும் நாய்க்கும் அடிக்கும் ஈ விரட்டும் ஸ்ப்ரேயை டாக்டரைக் கேட்காமல் பூனைக்கு அடிக்கவே கூடாது.

7. தினமும் இரண்டு முறை காயத்தைப் பாருங்கள்

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால்தான் வீக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும், டாக்டருக்கு அனுப்பவும் வசதி.

ஓரங்களில் லேசான இளஞ்சிவப்பு, முதல் நாள் ஒரு சொட்டு ரத்தக் கசிவு, சுற்றிலும் கொஞ்சம் கன்றிப்போன நிறம் எல்லாம் வழக்கமானவை. சில நாள் கழித்து தையலுக்கு அடியில் கெட்டியாகப் பட்டாணி போல ஒரு கட்டி தென்படலாம். உள்தையல் நூலுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பாக இருக்கலாம், மெல்லக் கரையும். ஆனால் மெத்தென்று அமுங்குகிற, நாளுக்கு நாள் பெருக்கிற வீக்கம் வேறு கதை. உள்தையல் விட்டுப்போயிருக்கலாம். அதை அமுக்கி அமுக்கிப் பார்க்காமல் கிளம்புங்கள்.

ஈ, எறும்பு இரண்டையும் கவனியுங்கள். நம்மூர்ச் சூட்டில் கசியும் காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளிலேயே புழு வைத்துவிடும். ஜன்னலுக்குக் கொசுவலை இருந்தால் நல்லது. மீந்த சாப்பாட்டை உடனே எடுத்துவிடுங்கள்.

வலி இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 2019-இல் இதற்கென்றே ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். காது பக்கவாட்டில் திரும்பித் தட்டையாவது, கண் இடுங்குவது, மூக்கும் வாயும் இறுகுவது, மீசை விறைத்து நீள்வது, தலை தோளுக்குக் கீழே தொங்குவது ஆகிய ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். நீங்கள் மதிப்பெண் போட வேண்டாம், இவற்றில் இரண்டு மூன்று தொடர்ந்து தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். குர்குர் சத்தம் கேட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள். வலியிலும் பூனை குர்குர் என்னும்.

8. மூன்றாம் நாள் முதல்

இனிதான் உங்கள் பொறுமைக்குச் சோதனை. கதவருகே உட்கார்ந்து கத்தும். நீங்கள் இரக்கப்பட்டுத் திறந்தால் ஒரே தாவலில் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். திறக்காதீர்கள். அதன் சக்தியை வேறு வழியில் செலவழிக்க விடுங்கள். ஒரு அட்டைப் பெட்டியில் ஓட்டைகள் போட்டு உள்ளே தீனியை மறைத்து வைத்தால், கையை விட்டுத் துழாவி எடுப்பதிலேயே அரை மணி நேரம் போகும். நூல் கட்டிய இறகு, லேசர் விளக்கு போன்ற துள்ள வைக்கும் விளையாட்டுகளை இப்போதைக்கு ஒளித்து வையுங்கள். தூக்க வேண்டி வந்தால் ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்தொடைக்கடியில். வயிறு தொங்கக் கூடாது.

குளிப்பாட்டாதீர்கள். தையல் பிரிக்கும் வரை அது கிடையவே கிடையாது.

வீட்டில் வேறு பூனை இருந்தால், அது திரும்பி வந்த தோழியைப் பார்த்துச் சீறலாம். ஆஸ்பத்திரி வாசனைதான் காரணம். இரண்டு நாள் பிரித்து வைத்து, ஒன்றன் படுக்கைத் துணியை மற்றதற்குக் கொடுத்து வாங்குங்கள். ஆண்பூனைகள் இன்னும் சில நாள் வாசலில் சுற்றலாம், ஹார்மோன் முழுதாக இறங்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

9. எப்போது உடனே ஓட வேண்டும்

விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாதவை இவை:

- ஈறு வெள்ளையாக வெளுத்திருப்பது, பூனை துவண்டு கிடப்பது. உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம்.
- வாயைத் திறந்து மூச்சு வாங்குவது.
- காயம் பிளந்து உள்ளே தசையோ கொழுப்போ தெரிவது. சுத்தமான ஈரத் துணியால் மூடி, நக்க விடாமல் கொண்டுபோங்கள். வெளியே வந்ததை உள்ளே தள்ள முயலாதீர்கள்.
- ரத்தம் நிற்காமல் சொட்டுவது.
- மறுநாளும் வெறும் தடுமாற்றமாக இல்லாமல், மயக்கமே தெளியாமல் கிடப்பது, திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது.

சீழ், துர்நாற்றம், காயத்தில் சூடு, நன்றாக இருந்த பூனை திடீரென்று சாப்பாட்டை நிறுத்துவது இவற்றுக்கெல்லாம் அன்றைக்கே காட்டினால் போதும். மூக்கைத் தொட்டு ஜுரம் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், அதில் ஒன்றும் தெரியாது.

10. தையல் பிரித்த பிறகு

பிரிக்கும் தையலானால் டாக்டர் சொன்ன நாளில், பொதுவாக 10 முதல் 14 நாளுக்குள், கொண்டுபோய்ப் பிரித்துவிடுங்கள். வீட்டில் கத்தரிக்கோல் எடுக்காதீர்கள். பிரித்த அன்றும் காலரைக் கழற்ற வேண்டாம், ஊசித் துளைகள் மூடட்டும். மறுநாள் கழற்றியதும் பூனை மணிக்கணக்காக உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும். காயம் நன்றாக மூடியிருந்தால் தடுக்க வேண்டியதில்லை. மழித்த ரோமம் முழுதாக வளரச் சில மாதம்கூட ஆகலாம்.

அப்புறம் சாப்பாட்டு அளவு. கருத்தடைக்குப் பின் பூனைக்குப் பசி கூடும், உடம்புக்குத் தேவையான கலோரி குறையும். வளரும் குட்டியாக இல்லாவிட்டால், பழைய அளவில் சுமார் கால் பங்கைக் குறைக்க வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை எடை மெஷினில் நின்று கழித்துக்கொள்ளலாம். எடை ஏறிக்கொண்டே போனால் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லி அளவைத் திருத்திக்கொள்ளுங்கள்.