சேலத்திலிருந்து பிரான்சுக்குக் குடிபெயர்வோர் முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டியவை

பிரான்சில் படிக்கவோ, வேலை பார்க்கவோ, குடும்பத்தோடு சேர்ந்து வாழவோ புறப்படுகிறவர்களின் முதல் ஆண்டு அலைச்சலில் பெரும்பகுதி, ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் சேலத்திலேயே தீர்த்துவிடக்கூடியது. அங்கே சில ஆண்டுகள் குடும்பம் நடத்திவிட்டுத் திரும்பிய பிறகு, அஸ்தம்பட்டியிலும் ஆத்தூரிலும் உள்ள உறவினர் வீட்டுப் பிள்ளைகள் விசா கிடைத்த மகிழ்ச்சியோடு வரும்போதெல்லாம் நான் சொல்லிவருவதையே இங்கே எழுதுகிறேன். விமானச் சீட்டையும் ஸ்வெட்டரையும் பற்றித்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள். நானோ பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்வேன்.

பெயரும் சான்றிதழ்களும்

நம்மிடம் முதலெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பிரெஞ்சு நிர்வாகத்திலோ எந்தப் படிவமும் குடும்பப் பெயரில்தான் தொடங்கும். வங்கி, மருத்துவக் காப்பீடு, வரி அலுவலகம், பள்ளிக்கூடம் என எல்லா இடத்திலும் உங்கள் கோப்பு அந்தப் பெயரின் கீழ்தான் அடுக்கப்படும். மதிப்பெண் பட்டியலில் ‘எஸ். கார்த்திகேயன்’ என்றும், ஆதாரில் ‘கார்த்திகேயன் சுப்பிரமணியம்’ என்றும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவும் இருந்தால், அங்கே அவை மூன்று வெவ்வேறு மனிதர்களுடைய காகிதங்களாகவே பார்க்கப்படும். ஆகவே, பாஸ்போர்ட் எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ தந்தையின் பெயரை முழுமையாக விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, அதே எழுத்துக்கூட்டலை மற்ற ஆவணங்களிலும் கொண்டுவாருங்கள். பழைய பட்டச் சான்றிதழைத் திருத்த முடியாத நிலையில், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

திருமணமான பெண்களுக்கு இதில் தனியாக ஒரு சொல் உண்டு. தந்தையின் முதலெழுத்தை விட்டுக் கணவரின் முதலெழுத்துக்கு மாறுவது நம் வழக்கம். பிரெஞ்சுச் சட்டப்படியோ ஒருவர் பிறந்தபோது பெற்ற பெயர்தான் வாழ்நாள் முழுவதும் அவருடைய பெயர், கணவரின் பெயரைப் பயன்படுத்துவது விருப்பம் மட்டுமே. எனவே திருமணம் ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் புறப்படுவதற்கு முன் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றாதீர்கள். பதிவு செய்யப்பட்ட திருமணச் சான்றிதழே போதும். பெயரை மாற்றினால் பிறப்புச் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒவ்வொரு அலுவலகச் சன்னலிலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்கும் இடம் வெறுமையாக இருக்கும். மாநகராட்சி அலுவலகத்திலோ, கிராமமாக இருந்தால் உரிய பதிவு அலுவலகத்திலோ பெயரைச் சேர்த்துப் புதிய பிரதி வாங்கிவிடுங்கள். தாய் தந்தை இருவரின் பெயரும் அதில் இருப்பது மிக முக்கியம், ஏனென்றால் அங்கே அரசு மருத்துவக் காப்பீட்டுக்குத் தேவையான சமூகப் பாதுகாப்பு எண் பெறுவதற்குப் பெற்றோர் பெயரோடு கூடிய சான்றிதழையே கேட்பார்கள். பிறகு மாநில அரசின் சான்றொப்பம் பெற்று, சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்யும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையையும் வாங்க வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் இங்கே செய்ய வேண்டாம்: பிரெஞ்சு நீதிமன்றத்தில் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததைத்தான் அங்கே கேள்வியின்றி ஏற்கிறார்கள், அவர் அப்போஸ்டில் முத்திரையையும் சேர்த்தே மொழிபெயர்ப்பார். திருமணச் சான்றிதழுக்கும் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் இதே வரிசைதான்.

விசா விண்ணப்பத்துக்குச் சென்னை செல்ல வேண்டியிருக்கும். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலையில் இறங்கிவிடலாம். மூலம் ஒரு கோப்பிலும் நகல் ஒரு கோப்பிலுமாகப் பிரித்து எடுத்துச் செல்லுங்கள்.

முதல் மூன்று மாதங்கள்

வதிவிட அனுமதியாகவும் செல்லுபடியாகும் நீண்டகால விசாவில் செல்பவர்கள், இறங்கிய மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் உறுதிப்படுத்திக் கட்டணம் செலுத்த வேண்டும். சூட்கேஸைப் பிரிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள் என்பேன். காலம் தவறினால் தங்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும்.

அதன் பின் வருவது ஒரு வட்டம். வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு விவரம் கேட்பார். வங்கி முகவரிச் சான்று கேட்கும். முகவரிச் சான்றோ வீடு கிடைத்த பிறகுதான் வரும். இந்த வட்டத்தை உடைப்பதற்கு எளிய வழி, தற்காலிகமாக யார் வீட்டில் தங்குகிறீர்களோ அவரிடம் ‘இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்’ என்று ஒரு கடிதம் எழுதி வாங்குவதுதான். அதோடு அவருடைய அடையாள அட்டை நகலும் அவர் பெயரில் உள்ள மின்கட்டண ரசீதும் சேர்ந்தால் வங்கி பொதுவாக ஏற்கும். மாணவர் விடுதியில் இடம் கிடைத்தவர்களுக்கு விடுதி தரும் சான்றே போதும்.

வாடகை விஷயத்தில் நம் ஊரின் பத்து மாத அட்வான்சை மறந்துவிடலாம். சாமான்கள் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகை, சாமான்களோடு உள்ள வீட்டுக்கு இரண்டு மாத வாடகை, இதற்கு மேல் வைப்புத்தொகை வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. அதற்குப் பதிலாக, வாடகை தவறினால் தான் கட்டுவதாக ஒப்புக்கொள்ளும் உத்தரவாதி ஒருவரைக் கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு அப்படி யார் இருக்கப்போகிறார்கள்? 30 வயது வரை உள்ளவர்களுக்கு ‘விசால்’ என்ற இலவச உத்தரவாதத் திட்டம் உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே அதைப் பெற்றாக வேண்டும். வீட்டைக் கண்ணால் பார்க்காமல், சேலத்தில் இருந்தபடியே முன்பணம் அனுப்பச் சொல்லும் யாருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

சாவி வாங்கும் நாளில் வீட்டின் நிலையை அறை அறையாக எழுதி இரு தரப்பும் கையெழுத்திடும் ஒரு பட்டியல் தயாராகும். எனக்கு மிகவும் பிடித்த பிரெஞ்சு ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று, ஏனென்றால் இது குடியிருப்பவரை உண்மையிலேயே காக்கிறது. அவசரப்படாமல் ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடுங்கள்; அடுப்பின் ஒவ்வொரு தட்டும் சூடாகிறதா என்று பாருங்கள்; சன்னல் கைப்பிடியைத் திருப்புங்கள்; சுவரில் உள்ள ஆணித் துளை, தரையில் உள்ள கீறல், குளியலறைச் சிலிக்கானில் படிந்த கரும்பூஞ்சை எல்லாவற்றையும் எழுதச் சொல்லிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். விடுபட்டதைச் சேர்க்கக் குடியேறிய பிறகும் 10 நாள் அவகாசம் உண்டு. காலி செய்யும்போது இதே பட்டியலோடு ஒப்பிட்டு, வேறுபாடு இல்லையென்றால் ஒரு மாதத்துக்குள், இருந்தால் இரண்டு மாதத்துக்குள் வைப்புத்தொகைக் கணக்கை முடிக்க வேண்டும். வீட்டுக் காப்பீடு எடுப்பது குடியிருப்பவரின் கட்டாயக் கடமை. சாவி தருவதற்கு முன்பே அதன் சான்றைக் கேட்பார்கள்.

மருத்துவம்

சமூகப் பாதுகாப்பில் பதிந்து, ‘கார்த் விதால்’ என்ற பச்சை நிற மருத்துவக் காப்பீட்டு அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை தற்காலிக எண் உதவும். உங்களுக்கென்று ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்து பதிவு செய்யுங்கள். அவரைப் பார்க்க 2024 டிசம்பர் 22 முதல் கட்டணம் 30 யூரோ. அதில் 70 விழுக்காட்டைக் கணக்கிட்டு 2 யூரோவைக் கழித்து, 19 யூரோ அரசுக் காப்பீட்டிலிருந்து திரும்ப வரும். 2 யூரோ போக மீதியைத் துணைக் காப்பீடு ஏற்கும். நம் ஊரில் செய்வதுபோல் நேரே போய் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் பழக்கம் அங்கே பெரும்பாலும் இல்லை. முன்பதிவு இல்லாமல் எதுவும் நடக்காது. ஆபத்து நேரத்தில் மருத்துவ உதவிக்கு 15, காவல்துறைக்கு 17, தீயணைப்புக்கு 18, எதுவும் நினைவில்லையென்றால் 112.

அடுப்பும் சாமான்களும்

லீ பஜாரில் மளிகை வாங்கிக் கட்டுவதற்கு முன் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவரக் கூடாது. நெய் டப்பாவும் பால்கோவாவும் இதில் அடங்கும். மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்பதால், மல்கோவாவையும் இமாம்பசந்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு இறங்க முடியாது. கறிவேப்பிலைக் கொத்துக்கும் இதே கதிதான். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், துரியன் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. பருப்புப் பொடி, சாம்பார் பொடி, புளி, தட்டுவடை போன்றவற்றைத் தாராளமாக எடுத்துச் செல்லலாம்.

ஜவ்வரிசியைச் சுமக்க வேண்டியதில்லை என்று சேலத்துக்காரரிடம் சொல்வது விந்தையாக இருக்கும். ஆனால் பிரெஞ்சு சூப்பர்மார்க்கெட்டில் மாவு அடுக்கி வைத்திருக்கும் வரிசையில் ‘பெர்ல் து ஜபோன்’ என்ற பெயரில் மரவள்ளி மாவில் செய்த அதே வெள்ளை மணிகள் கிடைக்கின்றன. பாயசத்துக்கு அருமையாக வருகின்றன. இட்லி அரிசி, உளுந்து, முருங்கைக்காய் எல்லாம் பாரிஸில் லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர்கள் நடத்தும் கடைகளில் வாங்கலாம். குளிர்காலத்தில் மாவு புளிக்காமல் தவிக்க விட வேண்டாம்: மின்சார ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்து, சூட்டைப் போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டால் காலையில் பொங்கியிருக்கும்.

மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் நம் மிக்ஸி அப்படியே ஓடும்; பிளக் மட்டும் பொருந்தாது, போதிய ஆம்பியர் தாங்கும் அடாப்டர் வேண்டும். வாடகை வீடுகளில் மின் அடுப்பும் இண்டக்‌ஷன் அடுப்பும்தான் பெரும்பாலும் இருக்கின்றன. அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. கடையிலேயே ஒரு காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், இறுக ஒட்டினால் வாங்குங்கள். குளிர் உடைகளை இங்கே நிறைய வாங்க வேண்டாம். ஏற்காட்டு மார்கழிக்குப் போதுமான ஸ்வெட்டர் அங்கே வீட்டுக்குள் போடத்தான் உதவும். கனமான மேலங்கியை அங்கேயே, முடிந்தால் ஜனவரி இரண்டாம் வார வாக்கில் தொடங்கி நான்கு வாரம் நடக்கும் தள்ளுபடி விற்பனையில் வாங்குங்கள்.

தெருவும் சந்தையும்

கடைக்குள் நுழையும்போதும், பேருந்தில் ஏறும்போதும், மருத்துவரின் காத்திருப்பு அறையில் உட்காரும் முன்பும் ‘போன்ழூர்’ சொல்லிவிடுங்கள். வணக்கம் சொல்லாமல் கேள்வியில் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு. நமக்கு முகம் சுளித்தார்கள் என்று வருத்தப்படும் பலருடைய அனுபவத்துக்குப் பின்னால் இந்தச் சிறு விடுபடல்தான் இருக்கிறது.

வாரச் சந்தையில் காய்கறியைக் கையால் தொட்டுப் பொறுக்காதீர்கள், கடைக்காரரே எடுத்துத் தருவார். மாம்பழத்தைக் காம்பருகே முகர்ந்து பழுத்த நாளைக் கணித்து வாங்கிப் பழகிய நமக்கு இது முதலில் கைகட்டிப்போட்டாற்போல் இருக்கும். கோடையில் முலாம்பழம் கேட்டால், இன்று உண்பதற்கா நாளைக்கா என்று அவரே விசாரிப்பார். சொன்னதும் பழங்களை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி எடை பார்ப்பார், காம்பைச் சுற்றி விரலால் அழுத்துவார், முகர்வார், பிறகு ஒன்றை நீட்டுவார். அவர் கணிப்பை நம்புங்கள். தொடர்ந்து ஒரே கடையில் வாங்கினால் நல்ல பழமாகப் பார்த்துக் கொடுப்பார். விலைப்பலகையில் கையால் எழுதிய 1 நம் 7 போலவே தெரியும். உண்மையான 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு இருக்கும்.

ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சிற்றூர்களில் மதியம் 12 முதல் 2 வரையும் அப்படியே. மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகல் வாக்கில் ஊரே அதிர அபாயச் சங்கு ஒலிக்கும். அது சோதனைதான், ஓட வேண்டாம். ஆண்டின் இறுதியில் சீருடையோடு தீயணைப்பு வீரர்கள் கதவைத் தட்டினாலும் பதறாதீர்கள். நாட்காட்டி விற்க வந்திருப்பார்கள், விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். மிக்ஸியை இரவு பத்து மணிக்கு மேலும் விடியற்காலையிலும் ஓட்டாதிருப்பது அண்டை வீட்டாரோடு நல்லுறவுக்கு முதல் படி. மே மாதக் கடைசி வாக்கில் ‘அண்டை வீட்டார் விழா’ வரும். 1999-இல் பாரிஸில் தொடங்கிய வழக்கம் அது. ஒரு தட்டு வடையோடு கீழே இறங்கிப் போங்கள், கட்டடத்தில் உள்ள அனைவரும் அறிமுகமாகிவிடுவார்கள்.

காகிதங்களைக் காப்பதும் புதுப்பிப்பதும்

சம்பளச் சீட்டை ஓய்வு பெறும் வரை வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஓய்வூதியக் கணக்கில் ஒரு மாதம் விடுபட்டிருந்தால் அதுவே ஆதாரம். வங்கி விவரப் பட்டியல்களை 5 ஆண்டு, வாடகை ரசீதுகளை வீட்டைக் காலி செய்த பிறகும் 3 ஆண்டு வைத்திருங்கள். எந்த ஒப்பந்தத்தையும் முறிக்க வேண்டுமென்றால் தொலைபேசியில் பேசியதோடு விடாமல், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அந்தச் சீட்டையும் கோப்பில் சேருங்கள். வதிவிட அனுமதியை இணையத்தில் புதுப்பிப்பதற்கான விண்ணப்பத்தை அது காலாவதியாவதற்கு நான்கு மாதம் முதல் இரண்டு மாதம் வரை உள்ள இடைவெளியில் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் சேலத்துக்கு வருவதாக இருந்தால், பழைய அட்டை செல்லுபடியாகும்போதே திரும்பிச் சேரும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.