உருவம் வரைய தசையில் தொடங்காதீர்கள்

மனித உருவம் வரையப் பழகும் பலர் தசைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதில் ஆரம்பிக்கிறார்கள். அது அப்புறம். முதலில் ஒரு ரயில் நிலையத்தில் போய் உட்காருங்கள். எனக்கு வாய்த்தது தாம்பரம். மலிவான நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும் போதும். அழிக்க முடியாது என்பதுதான் பேனாவின் நல்ல குணம்.

காத்து நிற்பவர் பெரும்பாலும் ஒரு காலில்தான் எடையைப் போட்டிருப்பார். அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், அதே பக்கத்துத் தோள் இறங்கும். இந்த இரண்டு சாய்கோடுகளை முதலில் போடுங்கள். கழுத்துக் குழியிலிருந்து நேராக இறங்கும் கோடு, எடை தாங்கும் பாதத்தருகே விழ வேண்டும். இல்லையென்றால் படத்தில் ஆள் விழுந்துவிடுவார்.

இதையே சாவகாசமாகப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளிடம் போவேன். திரிபங்கத்தில், அதாவது உடல் மூன்று இடத்தில் வளைந்த நிலையில், நிற்கும் அம்மன் நகரமாட்டார், ரயிலும் வந்து கெடுக்காது. அளவை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள், அது சிற்ப சாஸ்திரக் கணக்கு. நம்மைப் போன்றவர்களின் உயரம் தலையைப்போல் சுமார் 7½ மடங்கு.

அடுத்து எலும்பு. முன்கைதான் எல்லோரையும் படுத்தும். உங்கள் கையையே தொட்டுப் பாருங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்போது இரண்டு எலும்புகளும் இணையாக இருக்கும். கையைத் திருப்பினால் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன் மேல் குறுக்கே போகும். மணிக்கட்டருகே முன்கை தட்டையாகத் தெரிவதும், திரும்பும்போது வடிவம் மாறுவதும் இதனால்தான். இது புரிந்த பிறகு தசைப் படங்களைத் திறக்கலாம்.

கணுக்காலில் உட்பக்க எலும்புப் புடைப்பு வெளிப்பக்கத்தைவிடச் சற்று உயரம். மாற்றிப் போட்டால் இடது கால் வலது காலாகிவிடும்.