நூலகத்தில் தண்ணீர் ஓவியம், தண்ணீர்க் கவிதை

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ கோடை விடுமுறையில் நூலகத்தில் பிள்ளைகளுக்குப் பட்டறை நடத்தப் போகிறீர்களா? தண்ணீரையே பொருளாக எடுங்கள்.

முதலில் படம். சாதாரணத் தாள் நனைந்தால் சுருண்டுவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) உள்ள கனமான வாட்டர்கலர் தாளை நான்காக வெட்டிக் கொடுத்தால் செலவு கட்டுப்படியாகும். தாளை நனைத்து நீலம் பூசி, ஈரம் மினுங்கும்போதே கல் உப்பை நாலைந்து தூவச் சொல்லுங்கள். உப்பு ஈரத்தை இழுக்க, சுற்றிலும் வெளிறிய பூக்கள் விரியும். பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். நன்றாகக் காய்ந்தபின் உப்பைத் தட்டிவிடலாம். மலைக் குளிரில் காய நேரமாகும், அதுதான் கவிதைக்கான நேரம்.

சும்மா எழுதச் சொன்னால் "மழை அழகானது" என்றுதான் வரும். அதனால் கேள்வி கேளுங்கள்: "நீ ஒரு துளி. சோலைக்காட்டிலிருந்து எங்கே போகிறாய்?" நீலகிரித் துளி மோயாற்றில் இறங்கி, பவானியில் கலந்து காவிரிக்குப் போகலாம். கொடைக்கானல் ஏரியில் விழுந்த துளி வழிந்தோடி வெள்ளி நீர்வீழ்ச்சியில் குதிக்கலாம். போகிற வழியில் பாறை, அட்டைப்பூச்சி, தேயிலைத் தோட்டம் எல்லாம் தானாக வரும். மூன்று வரி போதும். அன்றைக்கு எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம்.

அப்புறம், தண்ணீர்க் கிண்ணங்களைப் புத்தக அலமாரியிலிருந்து தள்ளியே வையுங்கள்.